சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும்தானா? இக்னிஷன் சுவிட்சை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் 18 வயதான பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. காலையில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்தினால், அப்புறம் சாவியைத் திருப்பும்போது ஒரு சத்தமும் வராது. பக்கத்தில் டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். முதலில் காட்டிய இடத்தில் இக்னிஷன் சுவிட்ச் போய்விட்டது என்றார்கள். கீ செட்டோடு மாற்றினேன். இரண்டு வாரம் ஓடியது. அடுத்த இடத்தில், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை இறக்கி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். அது பத்து நாள். உண்மையான கோளாறு ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது. யாரோ எப்போதோ அலாரம் மாட்டும்போது ஒரு ஒயரை அறுத்து, முறுக்கி, டேப் சுற்றி விட்டுப் போயிருந்தார்கள். அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு முழம் ஒயர்.

அந்த இரண்டு பில்களும் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் இங்கே இருக்கிறது. சாமானை மாற்றிப் பார்ப்பது கடைசி வேலை. மின்சாரம் எது வரைக்கும் ஒழுங்காக வருகிறது, எங்கே மெலிகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை. சாவி போட்டுத் திருப்பும் 12 வோல்ட் கார்களுக்கு மட்டும் இது பொருந்தும். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் பாதிக்கதை கம்ப்யூட்டரிடம் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். செல்ஃப் மோட்டார் சுற்றுவதற்கான பெரிய கரண்ட் சாவி வழியாகப் போவதில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த ஒரு கேபிள் நேராக செல்ஃபுக்குப் போகும். சின்ன காரிலேயே அதில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். இக்னிஷன் சுவிட்ச் செய்வது, செல்ஃபின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தத்துக்கு ‘இழு’ என்று சொல்வது மட்டுமே. சோலனாய்டு உள்ளே இழுத்ததும் பெரிய செப்புத் தொடுப்பு மூடிக்கொள்ளும், மோட்டார் சுற்றும். நமக்குக் கேட்கும் அந்த ‘டக்’ சோலனாய்டு இழுக்கும் சத்தம்தான்.

சுவிட்சுக்குள் வரும் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். பேட்டரியிலிருந்து மெயின் ஃபியூஸ் வழியாக வரும் அதை ‘பி’ என்று குறிப்பார்கள். ஜெர்மன் முறை எண்ணில் 30. அங்கிருந்து மூன்று வழி பிரிகிறது. சாவியின் முதல் நிலையில் ரேடியோ, சிகரெட் லைட்டர் சாக்கெட் மாதிரியான உதிரிகள். இரண்டாவது நிலை ஆன். இதில் இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வரவைப்பது), எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), மீட்டர் போர்டு எல்லாம் உயிர்பெறும். இதற்கு எண் 15. மூன்றாவது, ஸ்ப்ரிங் எதிர்த்துத் தள்ளும் ஸ்டார்ட் நிலை, எண் 50. கையை விட்டால் தானாக ஆனுக்குத் திரும்பிவிடும்.

செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் ரேடியோவும் ஏசி ஃபேனும் அணைந்துபோவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பேட்டரியின் பலம் முழுவதும் செல்ஃபுக்குப் போகட்டும் என்று சுவிட்சே அவற்றை வெட்டிவிடுகிறது. ஆனால் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயர் மட்டும் ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருந்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாவியாலேயே செல்ஃபும் அடிப்பது என்ற ஏற்பாடு 1949-இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. அதற்கு முன்பு சாவி ஒரு பக்கம், செல்ஃப் பட்டன் ஒரு பக்கம். கோளாறு தேடுகிறவனுக்கு அது எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கையில் என்ன வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும், வோல்ட்டில் இரண்டு தசமம் காட்டினால் சரி. ஒரு டெஸ்ட் லாம்ப், அதாவது கரண்ட் இருந்தால் எரியும் சின்ன சோதனை விளக்கு. 10 எம்.எம். ஸ்பேனர், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், இரண்டு மீட்டர் ஒயர், நாலு குரோக்கடைல் கிளிப், ஃபிலமென்ட் உடையாத பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று. அந்த பல்ப் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கூட ஒரு ஆள் வேண்டும், சாவியைத் திருப்புவதற்கு. சொன்னதும் திருப்பி, சொன்னதும் விடுகிற ஆளாக இருக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு செல்ஃப் டெர்மினலைத் தொட்டவர்கள் மேல் வண்டி ஏறியிருக்கிறது. மோதிரம், ஸ்டீல் வாட்ச் கழற்றிவிடுங்கள். பேட்டரி கழற்றுவதென்றால் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்தால், மேல்மூடியைக் கழற்றும் முன் நெகட்டிவ்வை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) எதைக் கண்டாலும் கை வைக்கக் கூடாது, அது ஏர்பேக்கினுடையது. டெஸ்ட் லாம்ப்பை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மீட்டரை எடுக்கும் முன் காதையும் கண்ணையும்

ராத்திரியிலோ நிழலிலோ வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் போட்டு, சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். சில கார்களில் ஸ்டார்ட் நிலையில் ஹெட்லைட்டும் வெட்டப்படும். அப்படியென்றால் உள்ளே கூரை விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

விளக்கு சட்டென்று மங்கி, செல்ஃப் சுற்றவில்லை என்றால் கரண்ட் பெரிய அளவில் இழுக்கப்படுகிறது, அதைக் கொடுக்கப் பேட்டரிக்குத் தெம்பில்லை என்று பொருள். பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் பூத்திருக்கலாம், செல்ஃப் இறுகியிருக்கலாம். ‘டடடடடக்’ என்று பல்லி கத்துகிற மாதிரி வேகமாகக் கேட்டாலும் இதே கதைதான். சோலனாய்டு இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்த இரண்டு குறியில் ஒன்று இருந்தால் இக்னிஷன் சுவிட்ச் பெரும்பாலும் நிரபராதி. அது தன் வேலையைச் செய்ததால்தான் சோலனாய்டு இழுத்தது.

விளக்கு துளியும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் ‘இழு’ என்கிற செய்தி சோலனாய்டுக்குப் போய்ச் சேரவில்லை. சுவிட்ச், ரிலே, கிளட்ச் பெடல் சுவிட்ச், இடையில் உள்ள ஒயர், சோலனாய்டு காயில், இவற்றில் ஒன்று. நாம் தேடப்போவது இதைத்தான்.

செல்ஃப் ஜோராக அடிக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் பிடிக்கப் பார்க்கிறது. அப்படியானால் ஸ்டார்ட் நிலையில் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை. தலைகீழாக, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்துபோனால், ஆன் நிலைத் தொடுப்பு போயிருக்கிறது. இந்த இரண்டும்தான் சுவிட்ச் கோளாறின் நிஜ முகங்கள். காயில் கரண்டை இயந்திர முறையில் திறந்து மூடும் பாயின்ட் வைத்த பழைய வண்டிகளில் மட்டும் இரண்டாவது குறிக்கு இன்னொரு சந்தேக நபர் உண்டு. காயிலுக்கு முன்னால் இருந்து கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் எரிந்துபோனாலும் இப்படியே நடக்கும், ஏனென்றால் செல்ஃப் அடிக்கும்போது அதைத் தாண்டி நேர்வழியில் கரண்ட் போகிறது.

மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் அது திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர். சாவியிலுள்ள சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் சுவிட்சைத் தொட வேண்டாம்.

படி 1: பேட்டரியும் அதன் முனைகளும்

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் பாதிகூட இல்லை. சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது.

அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது அளங்கள். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடலாம். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி வயதாகிவிட்டது, அல்லது செல்ஃப் அளவுக்கு மேல் இழுக்கிறது.

அதே நேரம் இன்னொன்றும் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் ஈயக் குமிழ் மேல், மற்றது அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல். இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன, இடையில் என்ன வரும் என்று தோன்றும். செல்ஃப் அடிக்கும்போது அங்கே அரை வோல்ட் காட்டினால் உள்ளே பூத்துப் போயிருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

எர்த்தையும், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியையும், விட்டுவிடாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் பட்டை அறுந்த வண்டியில் செல்ஃப் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடித்த பிறகு கிளட்ச் கேபிள் சுட்டால் எர்த்தைப் பாருங்கள்.

படி 2: ஃபியூஸ்

கழற்றிக் கண்ணால் பார்ப்பது போதாது. மாட்டியபடியே, தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லாம்ப்பால் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். சாவி ஆன் செய்தால்தான் சில ஃபியூஸுக்குக் கரண்ட் வரும். பானட்டுக்குள் இருக்கும் மெயின் ஃபியூஸ் போயிருந்தால் ஹார்ன்கூட அடிக்காது. ஃபியூஸ் போயிருக்கிறது என்றால் காரணம் ஒன்று இருக்கும். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ‘சரிசெய்ய’ வேண்டாம், அது ஒயரிங்கையே எரிக்கும் வழி.

படி 3: சோலனாய்டின் சின்ன ஒயர்

தேடலை நடுவில் வெட்டும் இடம் இதுதான். இங்கே ஒரு அளவு எடுத்தால் பாதி வண்டியை விட்டுவிடலாம். செல்ஃபில் தடித்த கேபிள் மாட்டிய நட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ஒயர் ஒற்றை முனையில் செருகியிருக்கும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை அந்தச் சின்ன ஒயர் முனையில். ஒயரைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். மாட்டியபடியே, பின்பக்கமாகத் தொட்டு அளக்க வேண்டும். கூட இருப்பவர் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பட்டும்.

பேட்டரியில் அந்த நேரம் இருக்கும் வோல்ட்டுக்குப் பக்கத்தில், அதாவது ஒரு வோல்ட் குறைவுக்குள் இங்கே வந்து, செல்ஃப் அசையவில்லை என்றால் சுவிட்ச் பக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது, செல்ஃபைக் கழற்றுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் மேல்நோக்கி, ரிலேயும் சுவிட்சும் இருக்கும் பக்கம் போக வேண்டும். பேட்டரியில் 12 இருக்க இங்கே 7, 8 என்று வந்தால் அதுதான் பலரை ஏமாற்றும் இடம். வழியில் எங்கோ நாலு வோல்ட் தொலைகிறது. சோலனாய்டு இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்கும்.

என் வண்டி சூட்டில் மட்டும் ஏன் மக்கர் செய்தது என்பதற்கும் விடை இங்கேதான். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சோலனாய்டு 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிவிட்டால் அதன் காயிலில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தடை ஏறும், அதனால் கரண்டும் இழுவையும் குறையும். குளிர்ச்சியில் 8 வோல்ட்டிலும் சமாளித்துக்கொண்டிருந்த சோலனாய்டு, சூட்டில் அதே 8 வோல்ட்டுக்குக் கையை விரித்துவிட்டது.

படி 4: ரிலே, கிளட்ச் சுவிட்ச்

ஸ்டார்ட்டர் ரிலே இருக்கும் வண்டி என்றால், அதே எண் போட்ட ஹார்ன் ரிலேயைக் கழற்றி இங்கே மாட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேலை முடிந்தது. ஆகவில்லை என்றால் ரிலே சாக்கெட்டில் அளக்கலாம். 30 எண் துளையில் எப்போதும் 12 வோல்ட். 85, 86 இரண்டுக்கும் இடையே, சாவியைத் திருப்பும்போது மட்டும் 12 வோல்ட். முன்னது இருந்து பின்னது இல்லை என்றால் சுவிட்ச் அல்லது கிளட்ச் சுவிட்ச்.

கிளட்ச் பெடலின் மேல் பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெடல் அழுத்தினால்தான் செல்ஃப் அடிக்கும் வண்டிகளில் இது. அதன் பிளாஸ்டிக் புஷ் ஒடிந்து விழுந்தால் சுவிட்ச் ஆகாமல் போகும். காலடி மிதியடியில் நொறுங்கிய பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் இதே வேலையை கியர் லீவர் சுவிட்ச் செய்கிறது. பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆகிறது என்றால் அதுதான்.

படி 5: கடைசியாகச் சுவிட்ச்

ஸ்டியரிங் தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். கீழே மூன்று, நான்கு ஸ்குரூ இருக்கும். ஒன்று எப்போதும் கண்ணில் படாத மூலையில்தான். சாவித் துளையிலிருந்து பின்னால் போனால் சுவிட்சும் அதன் கப்ளரும் தெரியும்.

இங்கே ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். சாவி போடும் பூட்டு வேறு, மின்சார சுவிட்ச் வேறு. பல வண்டிகளில் இரண்டும் தனித்தனித் துண்டுகள். பூட்டின் வாலில் சுவிட்சை இரண்டு ஸ்குரூவில் பிடித்திருப்பார்கள். பின்பக்கம் கழற்றி, அதன் பள்ளத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, சாவியால் திருப்பினால் அடிக்கவில்லை என்றால் போனது பூட்டின் வால். மின்சாரத்தில் குறையில்லை. இதைப் பார்க்காமல் முழு கீ செட் வாங்கினால் கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி என்று இரண்டைச் சுமக்க வேண்டியிருக்கும். நான் சுமந்தேன்.

கப்ளரைக் கழற்றாமல் முதலில் கண்ணால் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, டீ பட்டறையில் காய்ந்த பால் மாதிரி சுருங்கியிருந்தால், அந்த முனையில் நெடுநாளாகச் சூடு பிறக்கிறது. அந்த ஒயரை மெல்ல வளையுங்கள். முனையிலிருந்து ஒரு அங்குலத்துக்கு அது விறைப்பாக, குச்சி மாதிரி இருக்கும். நல்ல ஒயர் அப்படி இருக்காது.

பிறகு அளவு. கறுப்பு முனையை நல்ல எர்த்தில் வைத்து, கப்ளரின் பின்பக்கம் ஒவ்வொரு ஒயராகக் குண்டூசியால் தொட்டு வாருங்கள். ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எதில் எப்போது கரண்ட் வருகிறது என்பதே அடையாளம். சாவி ஆஃபிலும் 12 வோல்ட் இருப்பது வரவு ஒயர். ஆனில் வருவது, ஸ்டார்ட்டில் மட்டும் வருவது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் வரவே இரண்டு இருக்கும், ஆன் வழியும் இரண்டு இருக்கும். அதில் ஒன்று ஸ்டார்ட்டில் அணையும், காயிலுக்குப் போவது அணையாது.

மீட்டர் 12 காட்டியும் வண்டி ஓடாதபோது

எங்கள் பகுதியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருந்தார். நான் மீட்டரை நீட்டி, “அண்ணே, எல்லா ஒயர்லயும் 12 இருக்கு, சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. “அத கீழ வைங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தார். இரண்டு ஒயர் பற்றவைத்திருந்தார். ஒன்றை எர்த்தில் கடிக்கவிட்டு, மற்றதை, நான் 12 வோல்ட் அளந்த அதே ஸ்டார்ட் ஒயரில், அந்த டேப் இணைப்புக்கு அப்பால் தொட்டார். சாவியைத் திருப்பச் சொன்னார். பல்ப் பீடி முனை மாதிரிச் சிவந்தது, அவ்வளவுதான். பிறகு இணைப்புக்கு இப்பால், சுவிட்ச் பக்கம் தொட்டார். கண் கூசியது.

நடந்தது இதுதான். மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதன் வழியாக ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம்தான் போகும். பதினாறு இழை ஒயரில் பதினைந்து அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தத் துளிக் கரண்டுக்கு அது ராஜபாட்டை. சுமை இல்லாமல் அளந்தால் மீட்டர் 12.4 என்று சொல்லும், பொய்யும் இல்லை. ஆனால் சோலனாய்டு முதல் இழுப்பில் 20 ஆம்பியருக்கு மேல்கூடக் கேட்கும். தொடுப்பில் 0.2 ஓம் தடை இருந்தால் 20 ஆம்பியருக்கு 4 வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். அந்த 4 வோல்ட் சூடாக மாறித்தான் கப்ளர் பழுப்பேறுகிறது. 55 வாட் பல்ப் சுமார் 5 ஆம்பியர் இழுப்பதால், இப்படிப்பட்ட பலவீனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

ஆக, அளவு எப்போதும் சுமையோடு. சுவிட்சுக்கு இதைச் செய்யும் முறை: மீட்டரின் சிவப்பு முனை வரவு ஒயரில், கறுப்பு முனை ஆன் ஒயரில், இரண்டும் சுவிட்சின் பின்னாலேயே. சாவி ஆன், ஃபேன் முழு வேகம், வைப்பரும் ஓடட்டும். இப்போது மீட்டர் காட்டுவது சுவிட்சுக்குள் தொலைகிற வோல்ட். 0.2-க்குள் இருந்தால் நல்ல சுவிட்ச். அரை வோல்ட்டைத் தாண்டினால் தொடுப்பு கரியேறியிருக்கிறது. அளந்துகொண்டே சாவியை மேலும் கீழும் லேசாக அசையுங்கள்; எண் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். அதே மாதிரி வரவு ஒயருக்கும் ஸ்டார்ட் ஒயருக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது அளங்கள்.

பல்ப் சோதனையை சுவிட்ச், ரிலே, செல்ஃப் ஒயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டர், சென்சார், இம்மொபிலைசர் ஒயர்களில் வைத்தால் ஆயிரக்கணக்கில் செலவு வரும்.

சுவிட்சுக்கும் சம்பந்தமில்லாத குற்றவாளிகள்

நம் ஊர் வண்டிகளில் கம்பெனி ஒயரிங் கெட்டுப்போவதைவிட, பிறகு மாட்டிய ஒயரிங் கெட்டுப்போவதே அதிகம் என்பது என் அனுபவம். சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ், அலாரம், எல்லாவற்றுக்கும் ஆன் கரண்ட் வேண்டும். கைக்கு எட்டும் இடம் இக்னிஷன் கப்ளர்தான். பிளேடால் ஒயரைச் சீவி, இன்னொன்றைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். இரண்டு கோடை தாண்டினால் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் நழுவி, செம்பு பச்சை பூத்துவிடும். அலாரம் என்றால் இன்னும் மோசம். ஸ்டார்ட் ஒயரையே அறுத்து அதன் ரிலே வழியாக விட்டிருப்பார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் டேப் சுற்றிய இடம் எது தெரிந்தாலும் அதற்கு இருபுறமும் அளங்கள். சுவிட்ச் பக்கம் போகுமுன்பே இதைச் செய்தாலும் தப்பில்லை.

இன்னொரு குற்றவாளி சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பைக் சாவி, முருகன் டாலர் என்று கால் கிலோ தொங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது சுவிட்சை இழுத்து ஆட்டுகிறது. இது சும்மா சொல்வதல்ல. 2014-இல் அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், கோபால்ட் முதலான சின்ன கார்கள் சுமார் 26 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் சாவியை ஆனில் பிடித்து வைக்கும் ஸ்ப்ரிங் பிடி பலவீனமாக இருந்தது. குலுங்கலிலோ கொத்தின் எடையிலோ சாவி தானாகப் பின்னால் நழுவ, ஓடும்போதே எஞ்சின் அணைந்து, ஏர்பேக்கும் விரியாமல் போனது. அந்தச் சுவிட்சால் 124 பேர் இறந்ததாக நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. பழுதுபார்க்கும் வரை சாவியில் வேறெதையும் தொங்கவிடாதீர்கள் என்றுதான் உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். உங்கள் வண்டி பள்ளத்தில் இறங்கும்போது கண நேரம் மீட்டர் போர்டில் எல்லா விளக்கும் எரிந்து எஞ்சின் இடறினால், முதல் வேலையாகக் கொத்தைக் கழற்றுங்கள். அந்த நிலையில் வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் இரண்டு மிதிக்குப் பிறகு கல் மாதிரி இறுகும்.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் நிற்காமல் அடித்தால் உடனே பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும். சுவிட்ச் சிக்கியிருக்கலாம், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், சோலனாய்டின் செப்புத் தொடுப்பு உருகிப் பிடித்திருக்கலாம். ரிலேயைப் பிடுங்கியதும் நின்றால் முதல் இரண்டில் ஒன்று. நிற்காவிட்டால் மூன்றாவது.

சரிசெய்யும்போது

சாவித் துளையில் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து களிம்பாகி, வழிந்து சுவிட்ச் தொடுப்பு வரை போகும். கிராஃபைட் பொடி கொஞ்சம் போதும். புதுச் சுவிட்ச் மாற்றுவதென்றால் பழுப்பேறிய கப்ளரையும், விறைத்த ஒயர் முனையையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்ளரில் புதுச் சுவிட்சைச் செருகினால், தளர்ந்த முனை அதே சூட்டைப் பிறப்பித்து இதையும் எரிக்கும். கம்பெனி கப்ளர் கிடைக்காவிட்டால் சென்னையில் புதுப்பேட்டையில் அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு சாண் ஒயரோடு வெட்டித் தருவார்கள்.

ஸ்டார்ட்டர் ரிலே இல்லாத பழைய வண்டியா? அப்படியென்றால் சோலனாய்டின் முழு இழுப்பும் சுவிட்ச் தொடுப்பின் மேல்தான் விழுகிறது. 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் நாலு முனை ரிலே ஒன்றும் வாங்குங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு ஒரு தடித்த ஒயர். 87-இலிருந்து சோலனாய்டின் சின்ன முனைக்கு. அங்கே ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஸ்டார்ட் ஒயரைக் கழற்றி 86-இல் மாட்டுங்கள். 85 எர்த். இனி சுவிட்ச் சுமக்கப்போவது ரிலே காயிலின் கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட். ஒரு மணி நேர வேலை. ஆனால் சுவிட்சில் கொஞ்சம் தடை இருந்தாலும் செல்ஃப் ஜம்மென்று அடிக்கும் என்பதால், கோளாறை மறைக்க இதை மாட்டாதீர்கள். ஆன் வழித் தொடுப்பு கெட்டிருந்தால் இது அதற்கு உதவாது.

டேப் இணைப்பைச் சரிசெய்ய, பச்சை பூத்த செம்பை இரு பக்கமும் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டுங்கள். நீளம் போதாமல் போகும். அதே தடிமனில் ஒரு துண்டு சேர்த்து, இரண்டு முனையையும் சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஸ்லீவை சால்டர் வைப்பதற்கு முன்பே ஒயரில் கோத்துவிட வேண்டும். நான் முதல் தடவை மறந்து, எல்லாம் பற்றவைத்த பிறகு கையில் ஸ்லீவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறியதும் பல்பை மறுபடி அந்த ஒயரில் வையுங்கள். கண் கூசினால் மூடியை மாட்டலாம், மூலையில் ஒளிந்திருக்கும் அந்த ஸ்குரூவோடு.